மூன்று வயதுக் குழந்தையை எங்கே சேர்ப்பது? அங்கன்வாடி, அரசுப் பள்ளி எல்.கே.ஜி., 25 சதவீத இடம், கட்டண நர்சரி: ஓர் ஒப்பீடு

ஏப்ரல் மாதம் வந்தால் பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. குழந்தைக்கு மூன்று வயது முடியப்போகிறது. தெருமுனையில் பால்வாடி இருக்கிறது. சற்றுத் தள்ளி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எல்.கே.ஜி. நடக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வேன் வசதியோடு ஒரு நர்சரி பள்ளி. பக்கத்து வீட்டுக்காரர் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கச் சொல்கிறார். பாட்டி பால்வாடியே போதும் என்கிறார். குழந்தையின் அப்பாவோ, "நாம்தான் படிக்கவில்லை, கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிடலாம்" என்கிறார். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த நான்குக்கும் நடுவே தவிப்பவர்கள்தான். நாள்கூலியிலோ சிறு மாதச் சம்பளத்திலோ ஓடும் தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வயது வரை ஒரு குழந்தைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியை ஒழுங்காக நடக்கும் ஓர் அங்கன்வாடி கொடுத்துவிடும். ஆனால் எல்லா மையங்களும் ஒழுங்காக நடப்பதில்லை. ஆகவே ஊரார் பொதுவாகச் சொல்வதை ஒதுக்கிவிட்டு, உங்கள் குழந்தை உட்காரப்போகும் அந்த ஓர் அறையைப் பார்த்து முடிவெடுங்கள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் சாப்பாடு. இந்த வயதில் உடம்பும் மூளையும் வளரும் வேகம் பிறகு வாய்ப்பதில்லை. சிறு வயதில் குன்றிப்போன வளர்ச்சியைப் பத்து வயதில் ஈடுகட்டுவது மிகக் கடினம். அடுத்தது நேரம்: ஒரு நாளில் எத்தனை மணி வரை, ஓர் ஆண்டில் எத்தனை நாள். தாய் வேலைக்குப் போகும் வீட்டில் இதுதான் வருமானத்தையே தீர்மானிக்கிறது. மூன்றாவது, அங்கே குழந்தையோடு யார் பேசுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்பது. நான்காவது, எடை, தடுப்பூசி, கண், காது, பேச்சு ஆகியவற்றை யாராவது தொடர்ந்து கவனிக்கிறார்களா என்பது. ஐந்தாவது பணம், கட்டண ரசீதில் வராத பணமும் இதில் சேர்த்தி. கடைசியாக, ஐந்து வயதுக்குப் பிறகு எந்தக் கதவு திறக்கிறது, எது மூடுகிறது என்பது.

ஆங்கிலத்தை ஏன் தனியாகச் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். மூன்று வயதுக் குழந்தை வீட்டு மொழியில் நிறையக் கேட்டு, நிறையப் பேசி, கதை சொல்லப் பழகினால்தான் இரண்டாவது மொழி ஒட்டும். ஏ, பி, சி, டி ஒப்பிப்பதை ஆங்கிலம் என்று எண்ணிப் பணம் கட்டும் பெற்றோரைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் படிப்படியாகத் தொடங்கப்பட்டன. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது அதைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது.

## அங்கன்வாடி

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் மீனா சுவாமிநாதன். பள்ளிக்கு முந்தைய பருவம் பற்றி ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது கடந்த சிறு குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று மாநிலத்தில் சுமார் 54,000 மையங்கள் இருக்கின்றன.

சாப்பாட்டில் வேறு எதுவும் இதற்கு ஈடில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ன்படி மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு நாளுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தரும் உணவு இலவசமாகக் கிடைக்க வேண்டும். இது தர்மமாகப் போடுவதன்று, சட்டம் தந்த உரிமை. தமிழ்நாட்டு மையங்களில் தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், பருப்பு சாதம் என்று நாளுக்கொரு கலவை சாதம், வாரத்தில் 3 முட்டை, சுண்டல், சத்துமாவு எல்லாம் உண்டு. ஆண்டுக்கு 300 நாள் உணவு என்பது திட்டத்தின் கணக்கு. தொடக்கப் பள்ளிக்கோ கல்வி உரிமைச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வேலைநாட்கள் 200. இந்த இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. கோடை விடுமுறையில் பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் வேலையை விட்ட தாய்மார்களுக்கு அதன் பொருள் தெரியும்.

உடல்நலக் கண்காணிப்பும் இங்கேதான் வலுவாக இருக்கிறது. மாதந்தோறும் எடை பார்த்துக் குறிக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிக் கணக்கைப் பார்க்கிறார். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை வர வேண்டும். அரசுப் பள்ளிக்கும் அரசு உதவிபெறும் பள்ளிக்கும் ஒரு முறை. காது சரியாகக் கேட்காத குழந்தை, பேச்சு தாமதமான குழந்தை, இதயக் குறையோடு பிறந்த குழந்தை இந்தப் பரிசோதனையில் பிடிபட்டால் மாவட்ட மருத்துவமனை வரை அழைத்துப்போக வழி இருக்கிறது. எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்காக 2022 மே மாதம் உதகமண்டலத்தில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டமும் அங்கன்வாடி வழியாகவே நடக்கிறது.

பலவீனம் கற்பித்தலில் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் நன்றாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பாட்டு, கதை, விளையாட்டு, வண்ணம், வடிவம் என்று வயதுக்கு ஏற்றவை. அதை நடத்த வேண்டியவர் ஒரே ஒரு பணியாளர்; கூடவே சமையலுக்கும் துப்புரவுக்கும் ஓர் உதவியாளர். பதிவேடு, செல்பேசிச் செயலியில் பதிவு, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு, வீடு வீடாகக் கணக்கெடுப்பு, பல இடங்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். பணியிடம் காலியாக இருந்தால் பக்கத்து மையப் பணியாளர் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். 2025-ல் 7,783 காலியிடங்களை நிரப்ப அரசு முன்வந்ததிலிருந்தே பற்றாக்குறை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

பணியாளர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்பவர்களுக்கு ஓர் ஆய்வை நினைவூட்டுவேன். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதிக்கு மட்டும் அரை நாள் வேலைக்கு இன்னொருவரைச் சேர்த்தார்கள். முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் அந்தக் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் அங்கே குறைந்தது. கூடுதலாக ஒரு கை இருந்தால் இதே அங்கன்வாடி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு என்றால், மையம் மூடியிருக்கும் நாளில் நீங்கள் இழக்கும் கூலிதான். பணியாளர் கூட்டத்துக்குப் போகும் நாள், பயிற்சி நாள் இவற்றை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

## அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் எல்.கே.ஜி., யு.கே.ஜி.

2019 ஜனவரியில் 2,381 நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த அங்கன்வாடி மையங்களில் இவ்வகுப்புகள் தொடங்கின. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அனுப்பப்பட்டார்கள். 2022-ல் வகுப்புகளை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்ததும் அரசு முடிவை மாற்றிக்கொண்டு, தற்காலிகச் சிறப்பாசிரியர்களைக் கொண்டு தொடர்ந்தது. இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு: ஆசிரியர் நிலையாக இருக்கிறாரா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி. அவர் இருந்தால் இது நான்கில் மிக நல்ல ஏற்பாடு. மையத்தின் சாப்பாடு கிடைக்கிறது, எடை பார்க்கிறார்கள், கற்பிக்கவென்றே தனியாக ஒருவர் இருக்கிறார், ஐந்து வயதில் அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு நடந்து போய்விடலாம். அவர் இல்லாவிட்டால் அது பெயர் மாறிய அங்கன்வாடிதான். வீட்டுக்கு அருகில் இருப்பதை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

உங்கள் ஊரில் இந்த வகுப்பே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

## தனியார் பள்ளியில் 25 சதவீத இடம்

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மையினர் நடத்துபவை தவிர்த்த தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் அதுதான் நுழைவு வகுப்பு. எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது.

நான்கில் காலக்கெடு உள்ளது இது ஒன்றுதான். ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்த குழந்தைக்கு அந்த ஆண்டு எல்.கே.ஜி.க்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஆண்டைத் தவறவிட்டால், எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் இந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் விண்ணப்பம் பெறுவார்கள். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று வேண்டும்; நலிவடைந்த பிரிவில் கேட்பவர்களுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். இ-சேவை மையத்தில் இவற்றை மார்ச்சிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், தூய்மைப் பணியாளர்களின் குழந்தைகள் போன்றோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு. இது தெரியாமல் பலர் விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள்.

2025-26-ல் ஒன்றிய அரசின் கல்வி நிதி நிறுத்தப்பட்ட பிரச்சினையில் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. குழந்தையை வீட்டிலேயே வைத்துக் காத்திருந்த பெற்றோர் அரை ஆண்டை இழந்தார்கள். ஆகவே இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இலவச இடம் என்றாலும் செலவு இருக்கிறது. சீருடை, புத்தகச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பள்ளிகள் கேட்கின்றன, பெற்றோர் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால் எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லுங்கள், கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வேன், ஆண்டு விழா உடை, செயல்முறைப் பொருட்கள் எல்லாம் தனி. மதிய உணவு கிடையாது, முட்டையும் கிடையாது. நன்றாகச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே உங்கள் குழந்தை டிபன் பெட்டியைத் திறக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். குழந்தையைத் தனி வரிசையில் உட்காரவைக்கும் பள்ளி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எட்டாம் வகுப்போடு இந்த உதவி முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம். அப்போது அரசுப் பள்ளிக்கு மாறினால் இழப்பு பெரிதாக இல்லை: மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, எட்டு வரை 25 சதவீத ஒதுக்கீட்டில் படித்து 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் பொருந்தும். தனியார் பள்ளியிலேயே தொடர்ந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

## கட்டணம் கட்டும் நர்சரி

நல்ல நர்சரிகள் இருக்கின்றன. குறைந்த வருமானக் குடும்பங்களின் கைக்கு எட்டும் கட்டணத்தில் உள்ளவற்றில் அவை குறைவு. நாற்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை, மூன்று வயதிலேயே நோட்டுப் புத்தகம், வீட்டுப்பாடம், எழுதாவிட்டால் அடி என்று நடப்பவையே அதிகம். எல்.கே.ஜி. பெரும்பாலும் நண்பகலோடு முடிகிறது. வேலைக்குப் போகும் தாய்க்கு அதற்குப் பிறகு யார் துணை?

அரசின் கட்டணக் குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் நிர்ணயித்த கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நன்கொடையும் நுழைவுத் தேர்வும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி குற்றம். கட்டடத்தைப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கூரைத் தீயில் இறந்தார்கள். ஒரே படிக்கட்டு, பூட்டிய கதவு, கம்பி வலை போட்ட சன்னல் என்று இருக்கும் இடத்தில் எந்தக் குழந்தையும் உட்காரக் கூடாது. நடுவில் பணம் கட்ட முடியாமல் போனால், பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது இல்லாமலும் அரசுப் பள்ளி உங்கள் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் வாங்கிச் சேர்ப்பது பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன்: வேண்டாம். வட்டிக்குப் போகும் பணம் வீட்டின் பால், பருப்பு, முட்டையிலிருந்துதான் போகிறது. அதைக் கொடுப்பது அந்தக் குழந்தைதான்.

## ஒரே பார்வையில்

| | அங்கன்வாடி | அரசுப் பள்ளி எல்.கே.ஜி. | 25% இடம் | கட்டண நர்சரி |
|---|---|---|---|---|
| சேரும் வயது | 2 முடிந்ததும் | 3 | 3 (ஜூலை 31 கணக்கு) | பள்ளியைப் பொறுத்தது |
| மதிய உணவு | உண்டு | மையம் வழியே உண்டு | இல்லை | இல்லை |
| எடை, மருத்துவக் குழு | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |
| கற்பிக்கத் தனி ஆள் | இல்லை | பணியிடம் நிரம்பியிருந்தால் | உண்டு | உண்டு |
| கைச்செலவு | இல்லை | சிறிது | வேன், உடை, பிற | முழுவதும் |
| எப்போது சேரலாம் | எப்போது வேண்டுமானாலும் | ஜூன் | அறிவிப்பு வரும்போது மட்டும் | ஜூன் |

## யாருக்கு எது

குழந்தை எடை குறைந்தோ அடிக்கடி நோய்ப்பட்டோ இருந்தால் அங்கன்வாடியைத் தவிர வேறு பேச்சே வேண்டாம். பேச்சோ நடையோ தாமதமான குழந்தைக்கும் அப்படித்தான். ஓராண்டு வேறெங்கோ கழிந்தால் அது திரும்பக் கிடைக்காது.

இருவரும் மாலை வரை வேலைக்குப் போகும் வீடு என்றால் நேரத்தை முதலில் வையுங்கள். சில இடங்களில் அங்கன்வாடியோடு குழந்தைகள் காப்பகமும் இயங்குகிறது, விசாரியுங்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் இதைத் தனித்தனியாகக் கேட்காமல் சேர்ந்து கேட்டால்தான் நடக்கும்.

வீட்டில் ஒருவர் பகலில் இருக்கிறார், குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, ஒரு கிலோமீட்டருக்குள் நல்ல தனியார் பள்ளி இருக்கிறது என்றால் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிப்பது நியாயம். கிடைக்கும் வரை குழந்தை அங்கன்வாடிக்குப் போகட்டும். இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்றொன்றை விட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இரண்டு வயதில் அங்கன்வாடி, மூன்றில் விண்ணப்பம், குலுக்கலில் வராவிட்டால் அரசுப் பள்ளி எல்.கே.ஜி. அல்லது அதே மையம், ஐந்து முடிந்ததும் அரசுப் பள்ளி ஒன்றாம் வகுப்பு: பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். ஒன்றாம் வகுப்பில் சேர யு.கே.ஜி. சான்று தேவையில்லை. 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் முதல் மூன்று வகுப்புகளில் அடிப்படையிலிருந்தே சொல்லித்தருகிறார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை காலை உணவும் உண்டு.

கட்டண நர்சரி எப்போது சரி? மையம் பூட்டியே கிடக்கிறது, குலுக்கலிலும் பெயர் வரவில்லை, கடன் இல்லாமல் கட்ட முடிகிறது, கட்டடமும் ஆசிரியையும் உங்களுக்குப் பிடித்திருக்கின்றன. இந்த நான்கும் பொருந்தினால் சேருங்கள். அப்போதும் மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை பார்த்து வாருங்கள்.

## முடிவெடுக்கும் முன்

முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் முற்பகல் பதினொரு மணிக்குப் போங்கள். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பாட்டுச் சத்தமோ பேச்சுச் சத்தமோ கேட்கிறதா, எல்லோரும் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்களா? பணியாளருக்குக் குழந்தைகளின் பெயர் தெரிகிறதா? எடை இயந்திரம் இயங்குகிறதா, குறிப்பேட்டில் சென்ற மாத எடை இருக்கிறதா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? இதே கேள்விகளைத் தனியார் பள்ளியிலும் கேளுங்கள். உள்ளே பார்க்கவே விடாத பள்ளி எதுவாக இருந்தாலும் நான் சேர்க்கமாட்டேன்.

மையம் சரியில்லை என்றால் விலகுவதற்கு முன் வட்டாரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் ஒரு நகல் கொடுங்கள். மையமே இல்லாத குடியிருப்பு என்றால் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைக் குறிப்பிடுங்கள்: ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருக்கும் கிராமமோ குடிசைப் பகுதியோ கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி அமைத்துத் தர வேண்டும். மனுவோடு குழந்தைகளின் பெயர், பிறந்த தேதிப் பட்டியலையும் பெற்றோர் கையெழுத்தையும் இணையுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.